தெம்புக்கு எத்தனை மார்க்? – அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், "உடம்பில் தெம்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கேள்வித்தாள் கொடுத்து அளக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அளக்கிறார்கள், ரொம்ப காலமாகவே அளக்கிறார்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. டவுன் ரத வீதியில் காய் வாங்கப் போனாலும் இதே பேச்சு, ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றாலும் இதே பேச்சு. கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்ததில் பாதி இந்த ஒரு விஷயம்தான். அதனால் இந்த வாரம் மற்ற கேள்விகளை ஓரம் வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், சின்ன வயதில் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாமிரபரணிக் கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவன். அந்த அளவுக்குத்தான் என்னால் சொல்ல முடியும்.

அண்ணாச்சி, நான் வேலை பார்க்கிற இடத்தில் போன மாதம் அஞ்சு கேள்வி உள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று ஆரம்பிக்கும். உள்ளதை உள்ளபடி நிரப்பினேன். 44 வந்தது. "50-க்குக் கீழே இருக்கிறீர்கள், கவுன்சலிங்குக்கு வாருங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில்கூட நான் ஃபெயில் ஆனதில்லை. எனக்கு என்ன கோளாறு?
– 31 வயது வாசகர், வண்ணார்பேட்டை

முதலில் அதை மார்க் என்று நினைப்பதை விடும், தம்பி. நீர் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது டபிள்யூ.எச்.ஓ-5 என்கிற படிவம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998-இல் வந்தது, பெர் பெக் என்ற டென்மார்க் மனநல மருத்துவருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அஞ்சே அஞ்சு கேள்வி. மனசு சந்தோஷமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பும் தெம்புமாக இருந்தீரா, காலையில் எழும்போது நன்றாகத் தூங்கி எழுந்த தெளிச்சி இருந்ததா, அன்றாடப் பொழுதில் மனசுக்குப் பிடித்த காரியங்கள் இருந்தனவா. 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 5. அஞ்சையும் கூட்டினால் அதிகபட்சம் 25, அதை நாலால் பெருக்கி நூறுக்குக் கொண்டுவருகிறார்கள்.

உமக்கு 44 என்றால் கூட்டல் 11. ஏதாவது இரண்டு கேள்வியில் ஒவ்வொரு கட்டம் மேலே போட்டிருந்தால் 13, அதாவது 52, மெயிலே வந்திருக்காது! இதைச் சொல்வது படிவத்தைக் கேலி பண்ண இல்லை. 50 அல்லது அதற்குக் கீழே என்பது 'மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒருதடவை யாராவது பார்த்துவிடுங்கள்' என்று அடிக்கிற மணி. 28-க்குக் கீழே போனால் மணி பலமாக அடிக்கிறது என்று அர்த்தம். மணி அடித்ததால் திருடன் வந்துவிட்டான் என்று ஆகாது, ஆனால் எழுந்து கதவைப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த ரெண்டு வாரம் எப்படிப்பட்ட ரெண்டு வாரம் என்று யோசித்துப் பாரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, ராத்திரி ஷிப்டா, சம்பளம் பிந்தியதா? ரெண்டு வாரம் கழித்து வீட்டில் உட்கார்ந்து நீரே ஒரு தாளில் மறுபடி போட்டுப் பாரும். பத்துப் புள்ளி அளவுக்கு ஏறினாலோ இறங்கினாலோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், நாலு புள்ளி ஆட்டம் எல்லாம் சும்மா. மறுபடியும் 50-க்குக் கீழேதான் என்றால் டாக்டரிடம் போகிறதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று. சம்பளம் கொடுக்கிறவர் கையில் போகிற தாளில் 'எனக்குத் தெம்பே இல்லை' என்று எத்தனை பேர் எழுதுவார்கள்? உம்ம ஆபீசில் 80, 90 வாங்கின ஆட்களில் பாதிப் பேர் உம்மைவிட மோசமான நிலையில் இருக்கலாம் என்பது என் சந்தேகம். பெயர் போடாத தாளில் கேட்டிருந்தால் வேறு கதை.

அண்ணாச்சி, எங்க அம்மா பீடி சுத்துறாங்க. காலேஜிலிருந்து ஆய்வுக்கு வந்த அக்கா ஒருத்தங்க, "சக்தியோடு இருப்பதாக உணர்ந்தீர்களா, களைப்பாக உணர்ந்தீர்களா" என்று வரிசையாகக் கேட்டாங்க. அம்மா எல்லாத்துக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாங்க. ராத்திரி ஆனால் "ஒரே சடவா இருக்குட்டி, கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு" என்று புலம்பல். அம்மா பொய் சொன்னாங்களா?
– கல்லூரி மாணவி, முக்கூடல்

இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கோ தங்கச்சி.

அம்மா பொய் சொல்லவில்லை. 'சக்தியோடு உணர்ந்தீர்களா' என்று எந்த ஊரில் பேசுகிறார்கள்? உங்கம்மாவிடம் அதற்குப் பக்காவான சொல் இருக்கிறது: சடவு. நம்ம பக்கத்தில் சடவு வேறு, அலுப்பு வேறு, கிறக்கம் வேறு. நாள் பூரா நாற்று நட்டுவிட்டு வந்து படுக்கிறது அலுப்பு, ராத்திரி தூங்கினால் போய்விடும். பசியிலும் வெயிலிலும் தலை சுற்றி வருகிறது கிறக்கம். சடவு என்பது ஒரு வேலையும் ஓடாமல், எழுந்திரிக்கவே மனசு வராமல் கிடக்கிறது. "சடவு இருந்துச்சா?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் அம்மா தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசியிருப்பாங்க.

இந்தச் சொல் தகராறு நமக்கு மட்டும் வந்தது இல்லை. எஸ்.எஃப்-36 என்று உலகம் பூரா ஓடுகிற ஒரு உடல்நலப் படிவம் உண்டு, 1992-இல் அமெரிக்காவில் வேர், ஷெர்போர்ன் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. அதில் தெம்பை அளக்க நாலு கேள்வி: இரண்டு ஏறுமுகம், இரண்டு இறங்குமுகம். ஏறுமுகக் கேள்வி ஒன்றில் 'ஃபுல் ஆஃப் பெப்' என்று போட்டிருந்தார்கள். அந்த 'பெப்' அமெரிக்கப் பேச்சு வழக்கு, மற்ற மொழிக்காரர்கள் மொழிபெயர்க்கத் திண்டாடினார்கள். கடைசியில் இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'ஃபுல் ஆஃப் லைஃப்' என்று மாற்றினார்கள். அவர்கள் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், நாம் 'சக்தி' என்று போட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்கிறோம்.

அந்த இரண்டு இறங்குமுகக் கேள்வி எதற்கென்றால், எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற ஆளைக் கண்டுபிடிக்க. 'தெம்பா இருந்தீங்களா?' ஆமா. 'களைச்சுப் போனீங்களா?' ஆமா. ரெண்டுக்கும் ஆமா என்றால் கேள்வி காதில் விழவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் உங்கம்மா ஆமாம்கூடப் போடவில்லை, ஒரே வாக்கியத்தில் மொத்தத் தாளையும் மூடிவிட்டாங்க. வாசலில் வந்து நிற்கிற அந்நியர் முன்னால், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, தன் வீட்டுக் குறையைச் சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவங்க. 'நல்லாத்தான் இருக்கேன்' என்பது நம்ம ஊரில் ஒரு வணக்கம் மாதிரி, உடல்நிலை அறிக்கை ஆகாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு மனசைப் பிசைகிற விஷயம். ஒருவர் தன்னை எப்படி இருக்கிறோம் என்று சொல்லும்போது யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்? 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அந்தத் தெருவில் பாதிக்கு மேல் பெண்களுக்கு மதியத்துக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்றால், மூச்சு வாங்குவதுதான் அங்கே சாதாரணம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவங்க, ஆயிரம் முடித்துவிட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்', முடிக்கவில்லை என்றால்தான் சுகமில்லை. அம்மா தன் அளவுகோல்படி சரியாகத்தான் சொன்னாங்க, அளவுகோலே தேய்ந்துபோய் இருக்கிறது.

நான் இளவயதில் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையம் பக்கம் ஒரு ஊரில் அஞ்சே கால் பஸ்ஸை விட்டால் ராத்திரி வரை பஸ் கிடையாது. நாலரை மணிக்கு மேல் நான் எடுத்த படிவங்களை எல்லாம் பிற்பாடு பார்த்தால் ஒரு தெரு பூராவும் 4, 4, 4 என்று இருந்தது. அந்தத் தெருவே தெம்பாக இருந்தது என்று அறிக்கையிலும் ஏறிவிட்டது. உண்மையில் அவர்கள் 'நல்லாத்தான் இருக்கோம்' என்றார்கள், நான் கைவேகத்தில் 4 போட்டேன். நாலு என்பது அவர்களுடைய தெம்பு இல்லை, என்னுடைய அவசரம். இன்றைக்கும் அந்த ஊரைத் தாண்டிப் போனால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

நீ ஒன்று செய். அம்மாவிடம் 'கடந்த நாலு வாரம்' என்று கேட்காதே, அவங்க காலண்டர் அப்படி ஓடாது. "கோயில் கொடை முடிஞ்சதிலருந்து இன்னைக்கு வரைக்கும் எத்தன நாளு சடவா இருந்துச்சு?" என்று கேள். பதில் பாதி நாளுக்கு மேல் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்துவிடு. கர்ப்பிணி இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. கூடவே சர்க்கரையும் தைராய்டும். கேள்வித்தாளின் வேலை அங்கே கொண்டுபோய் விடுகிற வரைக்கும்தான்.

ஐயா, ஆய்வுப் படிப்புக்காக ஏழு கேள்வி கொண்ட 'உயிர்த்துடிப்பு அளவுகோலை' தமிழில் பெயர்த்து முதியவர்களிடம் கொடுத்தேன். முதல் வரி 'நான் உயிரோடு இருப்பதாக உணர்கிறேன்'. ஒரு பாட்டி, "பின்ன செத்தா கெடக்கேன்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் ஓடவில்லை. எங்கே தவறு?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், பாட்டிக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எடுத்தது ரிச்சர்ட் ரயன், கிறிஸ்டினா ஃப்ரெடரிக் இருவரும் 1997-இல் வெளியிட்ட அளவுகோல். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 7 வரை. அவர்கள் கேட்க நினைத்தது 'மூச்சு இருக்கிறதா' என்று இல்லை, 'உள்ளே ஒரு துடிப்பு இருக்கிறதா' என்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் ரெண்டு வேலையும் பார்க்கும், தமிழில் பார்க்காது. அதில் இன்னொரு வரி வரும், 'உற்சாகம் தாங்காமல் வெடித்துவிடலாம் போல' என்கிற மாதிரி. அதையும் அப்படியே போட்டிருந்தீர்கள் என்றால், வெடிப்பது என்றதும் நம்ம பாட்டிகளுக்குத் தலைவெடிப்பும் நெஞ்சுவெடிப்பும்தான் ஞாபகம் வரும், மகிழ்ச்சி எங்கே வரப்போகிறது? 'கால் தரையில் நிக்கல' என்றால் உடனே புரியும்.

முறை ஒன்று இருக்கிறது, பிரிஸ்லின் என்பவர் 1970-இல் எழுதி எல்லாரும் பின்பற்றுவது. ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். நல்ல முறைதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'உயிரோடு இருப்பதாக உணர்கிறேன்' என்பதை நம்ம காலேஜ் வாத்தியார் யாரிடம் கொடுத்தாலும் அச்சு அசலாக மூல ஆங்கிலத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவார். சோதனையில் பாஸ், பாட்டியிடம் ஃபெயில். இதைவிட நல்லது, பத்து முதியவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாசித்து, "இதைக் கேட்டதும் உங்க மனசுல என்ன வந்துச்சு?" என்று அவர்கள் வாயாலேயே கேட்பது. ரெண்டு நாள் வேலை, ஒரு வருஷத் தலைவலி மிச்சம்.

அந்த ஏழில் ஒரே ஒரு வரி எதிர்மறை, தெம்பு அவ்வளவாக இல்லை என்கிற வரி. 2000-இல் வேறு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, அதை எடுத்துவிட்டு ஆறோடு நிறுத்தினால் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். முக்கூடல் பெண்ணுக்குத் தலைகீழ்க் கேள்வியைப் புகழ்ந்துவிட்டு இங்கே எடுக்கச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். நாலில் இரண்டு தலைகீழாக இருந்தால் அது ஒரு திட்டம். ஏழில் ஒன்று மட்டும் என்றால் வாசிக்கிறவர் தடுக்கி விழுகிற கல். 'தெம்பு இல்லை' என்பதற்கு 'இல்லை' என்று பதில் சொன்னால் தெம்பு இருக்கா இல்லையா? எழுபது வயதில் அந்தக் கணக்கு எதற்கு.

ஏழு கட்டமும் அவர்களுக்கு ஓடாது. இங்கே நான் ஒரு யோசனை சொல்வேன், ஆற்றங்கரை ஆளுக்கு மட்டும் பொருந்தும். படித்துறையை வரைந்து காட்டுங்கள். ஏழு படி. "இது ஆறு, இது கரை. இன்னைக்கு உங்க தெம்பு எத்தனாவது படி வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு?" சொல்லிவிடுவார்கள், யோசிக்கவே மாட்டார்கள், ஆற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆயுள் பூராப் பார்த்தவர்கள். ஏணிப்படியில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிற வழக்கம் கான்ட்ரில் என்பவர் 1960-களிலேயே கொண்டுவந்ததுதான், நான் ஏணியைப் படித்துறை ஆக்கினேன், அவ்வளவே. ஒரு எச்சரிக்கை: இப்படி மாற்றினால் அது புது அளவுகோல். அமெரிக்க மாணவர்களின் சராசரியோடு உங்கள் பாட்டிகளின் எண்ணை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டுவிடாதீர்கள், வைவா அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

தெம்பும் சந்தோஷமும் ஒன்றுதானே? எதற்கு இரண்டுக்கும் தனித்தனிப் படிவம்?
– மாணவர், மேலப்பாளையம்

கூடவே வரும், ஒன்று ஆகாது. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறீர், சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை. தெம்பு? எழுந்து போய் ஃபேனைப் போடக்கூடத் தம்பியைத்தான் கூப்பிடுவீர்.

1999-இல் ரயனும் கூட இருந்தவர்களும் செய்த ஒரு சோதனை இதற்குப் பொருத்தம். தன் இஷ்டப்படி ஒரு வேலையைச் செய்து ஜெயித்தவர்களையும், அடுத்தவர் சொன்னபடி செய்து ஜெயித்தவர்களையும் பார்த்தார்கள். ஜெயித்த சந்தோஷம் இரண்டு பக்கமும் இருந்தது. தெம்பு குறையாமல் நின்றது தன் இஷ்டத்துக்குச் செய்தவர்களிடம். வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு படிப்பில் சேர்ந்து ரேங்க்கும் வாங்கிவிட்டு, ரிசல்ட் வந்த அன்றே சோர்ந்து கிடக்கிற பிள்ளைகளை நான் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்போது எனக்கு இந்த ஆய்வு தெரியாது.

படபடப்பும் தெம்பு இல்லை. ராபர்ட் தாயர் என்ற உளவியலாளர் இதைப் பிரித்துக் காட்டினார்: ஒரு கோடு தெம்பிலிருந்து சடவு வரை, இன்னொரு கோடு பதற்றத்திலிருந்து நிதானம் வரை. பரீட்சை அன்று மூணு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருப்பது ரெண்டாவது கோட்டில் ஏறுவது. நல்ல படிவம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு உடம்பு தளருது அண்ணாச்சி. நூறு கிராம் அல்வா உள்ளே போனால்தான் மறுபடி வண்டி ஓடுது. இதில் என்ன தப்பு?
– கடைக்காரர், திருநெல்வேலி டவுன்

டவுனில் இருந்துகொண்டு அல்வா சாப்பிடாதே என்று சொன்னால் என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிடுவீர்கள். இருந்தாலும் அதே தாயர் 1987-இல் வெளியிட்ட சங்கதி ஒன்று இருக்கிறது. இனிப்புத் தின்பண்டம் சாப்பிடுகிற நாளையும், பத்தே பத்து நிமிஷம் வேகமாக நடக்கிற நாளையும் ஒப்பிட்டு, அப்புறம் நேரம் விட்டு நேரம் அவர்களையே தெம்பையும் பதற்றத்தையும் குறிக்கச் சொன்னார். நடந்த நாளில் தெம்பு ஏறி வெகுநேரம் நின்றது, பதற்றம் குறைந்தது. இனிப்புச் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் பதற்றம் கூடியிருந்தது.

நாலு ரத வீதியையும் ஒரு சுற்று வேகமாக வாரும். அல்வாவை ருசிக்காகச் சாப்பிடும், மருந்து என்று சொல்லாதேயும். சர்க்கரை பார்த்து எத்தனை நாள் ஆச்சு?

ஓய்வு பெற்றபின் தினமும் டைரியில் என் தெம்புக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டு வருகிறேன். காலையில் எழுந்ததும் போட்டால் 4, பதினோரு மணிக்குப் போட்டால் 7, ராத்திரி 5. மாதக் கடைசியில் மொத்தமாக யோசித்துப் போட்டால் 6. எது உண்மை?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அம்பாசமுத்திரம்

எல்லாம் உண்மை ஐயா, கேள்விதான் வேறு வேறு. எழுந்த உடனே தெம்பு குறைவு, முற்பகல் கடந்து உச்சிக்கு வரும்போது மேலே, ராத்திரி படுக்கப் போகும்போது மறுபடி கீழே என்பது பலரிடமும் பார்த்த ஒழுங்கு, உங்கள் டைரி அதையே சொல்கிறது.

மாதக் கடைசி 6 தான் சந்தேகத்துக்குரிய எண். ஒரு மாதத்தை யாரும் கூட்டிக் கழித்து ஞாபகம் வைப்பதில்லை. உச்சமாக இருந்த நேரமும் கடைசியாக இருந்த நேரமும் மனசில் தூக்கலாக நிற்கும், நடுவில் ஓடின சாதா நாட்கள் கரைந்துவிடும். இது தெரிந்துதான் சிக்ஸென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 1970-களில் ஆட்களுக்கு பேஜர் கொடுத்துப் பார்த்தார், அது கத்தும்போதெல்லாம் அந்த நிமிஷத்து நிலையைக் குறிக்க வேண்டும். இப்போது அதையே போன் செய்கிறது. அது தொந்தரவு என்று கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2004-இல் வேறு வழி கொண்டுவந்தார்கள். நேற்றைய நாளை எழுந்தது, குளித்தது, பஸ்ஸில் போனது, சாப்பிட்டது என்று காட்சி காட்சியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பது. டெக்சாசில் வேலைக்குப் போகிற 909 பெண்களிடம் கேட்டார்கள், காலையில் வேலைக்குப் போகிற பயணம் அடியில் இருந்தது. வி.கே.புரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவரைக் கேட்டிருந்தால் டெக்சாஸ் வரை போயிருக்க வேண்டாம்.

வானிலையும் ஆளை ஏமாற்றும் என்பார்கள். 1983-இல் ஷ்வார்ஸ், க்ளோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் போன் போட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது, வெயில் நாளில் கேட்டவர்கள் மழை நாளில் கேட்டவர்களைவிட நல்லபடியாகச் சொன்னார்கள். ஆனால் "அங்கே வானிலை எப்படி?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கேட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. புகழ்பெற்ற ஆய்வு, எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும். பிற்பாடு 2013-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிலை அலசியபோது வானிலைக்கு அப்படி ஒரு பிடி இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் நான் இதைப் பாதிதான் நம்புகிறேன். அதோடு, நம்ம பக்கத்தில் கணக்கே தலைகீழ். ஆனி ஆடியில் தென்காசிப் பக்கமிருந்து அந்தக் குளுகுளு காற்று வந்துவிட்டால் சாகக் கிடக்கிறவனுக்கும் குற்றாலம் போக மனசு வரும். சாரல் வாரத்தில் எடுத்த எண்ணையும் சித்திரையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: நேரத்தை ஒன்றாக்கிவிடுங்கள். பதினோரு மணி என்றால் தினமும் பதினோரு மணி. கேள்வியை மாற்றாதீர்கள், ஒரு நாள் தெம்பு, ஒரு நாள் உற்சாகம் என்று எழுதினால் ரெண்டும் ரெண்டு சரக்கு. பக்கத்தில் மூணே மூணு குறிப்பு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், நடந்தீர்களா, புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தீர்களா. பக்கத்து வீட்டு ஐயாவின் 8-ஐப் பார்த்து உங்கள் 6-ஐத் திருத்தாதீர்கள், அவருடைய 8 அவர் வீட்டுப் படியால் அளந்தது. உங்கள் 7 ரெண்டு மூணு வாரமாக 4-லேயே உட்கார்ந்துவிட்டால் டைரியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிட, எந்தத் தேதியிலிருந்து இறங்கியது என்று காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். சில சமயம் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே புது மாத்திரை உட்கார்ந்திருக்கும்.

மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் காலையில் 'உங்கள் எனர்ஜி 82' என்கிறது. எனக்கோ எழுந்திருக்கவே முடியவில்லை. கடிகாரத்தை நம்புவதா, என்னையா?
– இல்லத்தரசி, பெருமாள்புரம்

கடிகாரம் நாடித்துடிப்பையும் கை அசைவையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்று அதற்கு உங்களைக் கேட்காமல் தெரியாது, அது கேட்கவும் இல்லை. உங்களை நம்புங்கள், கடிகாரத்தில் மணி பாருங்கள்.

அண்ணாச்சி, போன இதழைப் பார்த்துவிட்டு, 'கடந்த இரண்டு வாரம்' என்று கேட்கிற அஞ்சு கேள்விப் படிவத்தைத் தேடி எடுத்து என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். எல்லாத்துக்கும் 3 போட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். நாலு நாள் போட்டேன், நாலு நாளும் 3. அவருக்குத் தெம்பு இருக்கா இல்லையா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

நடுவில் போட்டுவிட்டுத் தப்பிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு அக்கா. இரண்டு ஓரமும் வம்பு, நடு பத்திரம். அப்பேர்ப்பட்ட ஆளுக்குத் தாளை நீட்டிப் பிரயோஜனம் இல்லை. அதுவும் நாலு நாள் விடாமல் நீட்டினால் நானும் 3 தான் போடுவேன், 'கடந்த இரண்டு வாரம்' என்று கேட்கிற படிவத்தைத் தினமும் கொடுத்தால் என்னதான் மாறும்?

அவர் முன்பு செய்ததில் எதை நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். விடியக்காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவாரா, இப்போது குழாயடியோடு முடித்துக்கொள்கிறாரா? மாடிப்படியில் நடுவில் நிற்கிறாரா? பேப்பரை முன்பு கடைசிப் பக்கம் வரை படித்தவர் இப்போது தலைப்போடு மடித்து வைக்கிறாரா? கேள்வியும் இந்த மாதிரி கேளுங்கள், "நேத்து ஆத்துக்குப் போனியளா?" என்று. அதற்கு 3 என்று பதில் சொல்ல முடியாது.